யாரும் ஏறாத ஏழு நாற்பத்திரண்டு

ரயில் வருவதற்கு முன்னால் பிட்டில்கோட்டில் இருந்தவை ஒரு தேவாலயம், ஒரு மாவு மில், கணக்கில்லாத வாத்துகள். ரயில் வந்தபின் வாத்துகள் குறைந்து குமாஸ்தாக்கள் பெருகினார்கள். காலையில் லண்டனுக்கு ஆபீஸ் போவார்கள். சாயங்காலம் திரும்பி வந்து ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். ஊரின் நூறு வருடச் சரித்திரம் இவ்வளவுதான். மீதி எட்னா ஹார்பாட்டில்.

எட்னா எங்கள் ஊர்க்காரி அல்ல. வடக்கே நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தவள். அதனால் மனதில் பட்டதை வாயால் சொல்லும் கெட்ட வழக்கம் அவளுக்கு உண்டு. சிக்னல்காரர் ஆல்பியைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தாள். அவர் நிமோனியாவில் போய்ச் சேர்ந்தபின், ஸ்டேஷன்காரர்கள் இரக்கப்பட்டு முதல் பிளாட்பாரத்தில் ஒரு மரக்கூண்டைக் கொடுத்தார்கள். அதில் டீயும் பன்னும் விற்று மூன்று பெண்களை வளர்த்தாள். அவள் டீயில் கரண்டியை நட்டால் சாயாமல் நிற்கும். ஒருமுறை நட்ட கரண்டியைப் பிடுங்க ஸ்டேஷன் மாஸ்டரைத் துணைக்குக் கூப்பிட வேண்டியிருந்தது.

காலை ஏழு நாற்பத்திரண்டு வண்டிதான் அவள் பிழைப்பு. இருபத்தாறு பேர் தினமும் அதில் போவார்கள். ஒவ்வொருவருக்கும் பிளாட்பாரத்தில் ஓர் இடம். அங்கே நின்றால் பெட்டியின் கதவு சரியாக மூக்குக்கு நேரே வந்து நிற்கும். யாரும் ஒதுக்கிக் கொடுத்ததில்லை. அதைப் பற்றி யாரும் பேசியதுமில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனி ஸ்னெல் நின்று நின்று கல்லில் இரண்டு குழி விழுந்திருந்தது. மழை பெய்தால் குருவிகள் அதில் குளிக்கும். அவர் வந்ததும் மரியாதையாக ஒதுங்கிக்கொள்ளும்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு பிப்ரவரி மாதம் நோட்டீஸ் ஒட்டினார்கள். வியாழக்கிழமை ஓர் அதிகாரி வந்து எண்ணுவார். முப்பது பேருக்குக் குறைவாக ஏறினால், கோடையிலிருந்து இந்த வண்டி இங்கே நிற்காது. வண்டி நிற்காவிட்டால் கூண்டும் இல்லை.

“நாலு பேர் குறையுதே, மிஸஸ் ஹார்பாட்டில்,” என்றார் ஸ்னெல், தொப்பியைத் தொட்டு. பதினெட்டு வருடத்தில் அவர் அவளிடம் பேசிய மிக நீளமான வாக்கியம் அது.

“நாலென்ன கண்ணு, நாப்பது பேரைக் கூட்டியாறேன். நீங்க வழக்கம்போல கம்முன்னு வந்து நில்லுங்க.”

“கம்முன்னு நிக்கறது எங்களுக்குக் கஷ்டமில்ல.”

மூன்று நாள் வீடு வீடாக ஏறி இறங்கிப் பதினேழு பேரைப் பிடித்தாள். ரொட்டிக்கடைக்காரர், மில் ஆட்கள், பாதிரியாரின் தங்கை மிஸ் க்வில்டர், இப்படி.

வியாழக்கிழமை பதினேழு பேரும் ஏழரைக்கே வந்து, லண்டன் பார்க்கப் போகும் குஷியில் கண்ட இடத்தில் நின்றுவிட்டார்கள். ஸ்னெல் வந்து பார்த்தால் அவருடைய இரண்டு குழியிலும் மிஸ் க்வில்டரின் பாதங்கள். ‘இது என் இடம்’ என்று சொல்வதைவிட எங்கள் ஊர்க்காரர்கள் தண்டவாளத்தில் படுத்துக்கொள்வார்கள். அவர் பின்னால் நின்று ஒருமுறை கனைத்தார். அந்தப் பக்கம் இன்னொருவர் கனைத்தார். கொஞ்ச நேரத்தில் இருபத்தாறு பேரும் கனைத்ததில் பிளாட்பாரம் ஆஸ்பத்திரி வார்டு மாதிரி ஆயிற்று. வந்தவர்களுக்கு விஷயம் புரிந்து காது சிவந்தபோது வண்டி வந்துவிட்டது.

ஸ்னெல் கதவைத் திறந்து பிடித்தார். “நீங்க ஏறுங்க, மேடம்.”

“ஐயையோ, இது உங்க இடமாச்சே! நீங்க ஏறுங்க.”

“நீங்கதான் முதல்ல வந்தீங்க.”

“நான் ஒரு நாள் விருந்தாளி. நீங்க ஏறுங்க, மிஸ்டர் ஸ்னெல்.”

கதவுக்குக் கதவு இதே பேச்சு. எண்ண வந்த அதிகாரி கிளட்டர்பக்கும் அதே வண்டியில் திரும்ப வேண்டியவர். கையில் அட்டையோடு, அவரும் ரொட்டிக்கடைக்காரருக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எட்னா கூண்டிலிருந்து பாதி உடம்பை வெளியே நீட்டிக் கத்தினாள். “ஏறித் தொலைங்கய்யா! மரியாதையெல்லாம் உள்ள போயிப் பண்ணிக்குங்க!”

கார்டு விசில் ஊதினார். எல்லோரும் பதறினார்கள். வண்டியைத் தாமதிக்க வைப்பது தப்பல்லவா? கதவுகளை ஒவ்வொன்றாக மெதுவாகச் சாத்தினார்கள், வெளியிலிருந்து. வண்டி போய்விட்டது.

அடுத்த வண்டி எட்டு ஐம்பதுக்கு. கிளட்டர்பக் அட்டையில் ‘ஏறியவர்கள்’ என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டுவிட்டு, குளிரில் கைகளைத் தேய்த்தபடி கூண்டுக்கு வந்தார். எட்னா டீயை வைத்தாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் அட்டையைப் பலகையில் வைத்தார்.

“வருத்தமாத்தான் இருக்கு. ஆனா என்னால பொய் எழுத முடியாது.”

“பொய் எழுதச் சொன்னது யாரு?” பலகையைத் துடைக்கிற சாக்கில் எட்னா அட்டையைத் தலைகீழாகவே படித்துக்கொண்டிருந்தாள். “அந்தக் கீழ்க் கட்டம் எதுக்கு?”

“அதுவா? ஏற முடியாம பிளாட்பாரத்துல நின்னுபோனவங்க.”

“எத்தனை பேரு நின்னுபோனாங்க?”

அவர் திரும்பி எண்ணினார். “நாப்பத்தி மூணு.”

“உங்களை எண்ணலியே. நீங்க மட்டும் ஏறிட்டீங்களாக்கும்?”

“நாப்பத்தி நாலு,” என்றார் கிளட்டர்பக். “ஆனா இது கூட்டத்தால இல்லியே, அம்மா.”

“காரணம் எழுத இடம் விட்டிருக்கா?”

அவர் அட்டையை முன்னும் பின்னும் புரட்டினார். இல்லை. இன்னொரு டீ கேட்டார். அதைக் குடித்து முடித்து நாற்பத்திநாலு என்று எழுதினார்.

கோடை அட்டவணை வந்தது. ஏழு நாற்பத்திரண்டு நின்றது, கூடுதலாக இரண்டு பெட்டிகளோடு. அதனால் கதவுகள் நிற்கும் இடம் மாறிப்போயிற்று. ஸ்னெல் பழைய குழியிலேயே நின்று, வண்டி வந்ததும் ஆறடி நடந்து போய் ஏறினார். யாரிடமும் புகார் சொல்லவில்லை.

எட்னா இன்னும் பத்தொன்பது வருடம் டீ விற்றாள். கடைசி நாள் காலையில் கூண்டின் முன் எல்லோரும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள். அவளைப் பற்றி நாலு வார்த்தை பேசுவதாக ஏற்பாடு.

“நீங்க ஆரம்பிங்க, மிஸ்டர் ஸ்னெல்.”

“சேச்சே, நீங்க பேசுங்க முதல்ல.”

விசில் கேட்டது. எட்னா வண்டியின் வாலைப் பார்த்தாள், அவர்களைப் பார்த்தாள். பிறகு பாத்திரத்தை மறுபடி அடுப்பில் ஏற்றினாள். எட்டு ஐம்பதுக்கு இன்னும் நேரம் இருந்தது.