ஏசுரத்தினத்துக்குப் போட்ட இலை

ரங்கூன் போட்டாதாங் ஜெட்டித் துறையில் கப்பல்களுக்குக் கயிறு கட்டுகிற குழந்தைவேலுவை வாயில்லாத மனுஷன் என்பார்கள். பேச ஆள் இல்லை, அவ்வளவுதான். பதினாலாம் வருஷத்து ஜெர்மன் சண்டைக்காலத்தில் அவர் சாப்பர் பட்டாளத்துக்காரர். பஸ்ராவுக்கு மேலே, டைகிரிஸ் ஆற்றில் படகுகளை வரிசையாகக் கட்டி, மேலே பலகை அடித்து, பட்டாளம் கடக்கப் பாலம் போட்டவர். ஒரே தட்டில் சாப்பிட்ட மூன்று பேர் அந்த வேலைக்கு இறங்கினார்கள். எதிர்க்கரையிலிருந்து குண்டு வந்து விழுந்தது. செல்லக்கண்ணுவும் ஏசுரத்தினமும் தண்ணீரோடு போனார்கள். உடம்புகூடக் கிடைக்கவில்லை. இவர் மட்டும் கரையேறினார்.

சண்டை முடிந்ததும் ஊருக்குப் போகாமல் ரங்கூனுக்குக் கப்பலேறி, அங்கே பசுந்தாங் பேட்டையில் ஓர் அறை பிடித்தார். ஆடி அமாவாசைக்குச் சோறாக்கி இரண்டு இலை போடுவார். பெண்டாட்டி பிள்ளை இல்லாமல் செத்தவர்களுக்கு வேறு யார் போடுவார்கள்? காக்கை இரண்டு சோற்றையும் கொத்திய பிறகுதான் இவர் வாயில் பருக்கை போகும்.

ஆறு வருஷம் இப்படி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்தில் அடுத்த அறைக்கு மக்தலேனா குடிவந்தாள். மாதா கோயில் சாமியாருக்குச் சமைக்கிறவள். இலைகளைப் பார்த்து, ஒன்று செல்லக்கண்ணுவுக்கு என்று தெரிந்ததும் கேட்டாள்.

“ரெண்டாவது யாருக்குண்ணே?”

“ஏசுரத்தினத்துக்கு.”

“நல்லா இருக்கே. வேதக்காரனுக்கு அமாவாசைச் சோறா? எங்க ஆளுங்களுக்கு நவம்பர் ரெண்டாந்தேதி, கல்லறைத் திருநாள். மெழுகுத்திரியும் செபமுந்தான்.”

“காக்கா கொத்துச்சே, தங்கச்சி.”

“காக்காவுக்கு வேதமா தெரியும்?”

அவர் இலையைப் பார்த்தார். “அப்ப இத்தனை வருஷமும் அவன் பட்டினியா?” என்றார்.

நவம்பரில் அவளோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். ஒவ்வொரு குடும்பமும் தன் கல்லறையைக் கழுவிப் பூப்போட்டது. இவர் திரியைப் பிடித்துக்கொண்டு நடுவழியில் நின்றார்.

“கல்லறை இல்லாதவங்களுக்கு அந்தப் பெரிய சிலுவைதாண்ணே” என்று காட்டினாள். அங்கே அவர் ஏற்றிய திரி காற்றுக்கு இரண்டு தரம் அணைந்து மூன்றாம் தரம் பற்றியது.

“செபம் தெரியுமாண்ணே?”

“தெரியாது. சாப்பாட்டுக்கு முன்னால அவன் கண்ணை மூடிச் சொல்லுவான். முடிச்சுட்டு அவன் தட்டுல கை வைக்கிறவரைக்கும் நாங்க ரெண்டு பேரும் பசியோட உக்காந்திருப்போம். உன் சாமிக்குக் காது மந்தமாடான்னு செல்லக்கண்ணு திட்டுவான். எனக்குக் காத்திருக்கத்தான் தெரியும்.”

“அப்ப காத்திருங்க” என்று சொல்லிவிட்டுத் தன் தாயின் கல்லறைக்குப் போனாள்.

வெயில் சாய்ந்தது. குடும்பங்கள் கலைந்தன. மக்தலேனா வந்து, “போலாம்ண்ணே, முடிஞ்சிருச்சு” என்றாள்.

“அதை அவந்தானே சொல்லணும்” என்றார்.

அவள் சற்று நின்று பார்த்துவிட்டுப் போனாள். அவர் கையைக் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றார்.