ஒதிலியாவின் வெள்ளை மணல்

பெனிக்னோ பத்ரோன் ஒரு நல்ல காரியத்தைத் திருட்டுத்தனமாகச் செய்தவன். நான் அதற்கு மண்வெட்டி பிடித்தவன். ஆகவே அவனைப் பற்றி எழுத எனக்கு முழுத் தகுதி உண்டு.

எங்கள் எல் இயெரோ தீவில் மணலே கொஞ்சம்தான், அதுவும் கறுப்பு. எரிமலை கொடுத்தது அவ்வளவுதான், நாங்கள் குறை சொன்னதில்லை. குறை சொன்னவள் பெனிக்னோவின் மனைவி ஒதிலியா. அவள் ஃபுவர்த்தவெந்துரா தீவுக்காரி. அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை மணல். கல்யாணமாகி வந்த அன்றே எங்கள் கரையைப் பார்த்து, “யாரு இங்க கரி கொட்டினது?” என்று கேட்டாள். அதற்குப் பிறகு இரண்டு வருடம் கடலில் கால் நனைக்கவில்லை, தாய்வீட்டுக்குப் போகவும் வாய்க்கவில்லை. வெள்ளை மணலைக் கண்ணில் காட்டு என்று மாதாவிடம் நேர்ந்துகொண்டாள்.

மாதாவுக்கு வேலை அதிகம். பெனிக்னோ முந்திக்கொண்டான்.

அந்த வருடம் சூரை மீன் பருவத்தில், பிடித்த மீனை ஒதிலியாவின் தீவில்தான் இறக்கினோம். திரும்பும்போது காலிப் படகு ஆடும். அடியில் பாரம் வேண்டும். மற்றவர்கள் கல் ஏற்றுவார்கள். நாங்கள் நடைக்கு இருபது மூட்டை மணல் ஏற்றினோம். அள்ளுவது போலீசுக்குத் தெரிந்தால் படகு போய்விடும். ஒதிலியாவின் அம்மாதான் மண்வெட்டி கொடுத்து, காப்பியும் கொடுத்தாள். ஈரமாக இருந்தால்தான் கனம் நிற்கும் என்று வழியெல்லாம் மூட்டைகள்மேல் கடல்நீர் ஊற்றச் சொன்னான் பெனிக்னோ. ஊற்றியது நான். அவன் வீட்டுக்குப் பின்னால் பாறை சூழ்ந்த குட்டை ஒன்று உண்டு, கடல்நீர் ஏறி இறங்கும். அதில் கொட்டினோம். மூன்று நடை. ஒதிலியா அப்போது திராட்சை பறிக்க நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தாள்.

வந்து பார்த்தவள் குட்டைக்குள்ளேயே முழந்தாளிட்டுவிட்டாள். பெனிக்னோ வாய் திறப்பதற்குள், நாலு வருடத்துக்கு ஒருமுறை மாதாவைச் சுமந்து தீவைக் கடக்கும் ஊர்வலத்தில் சாகும்வரை வெறுங்காலோடு நடப்பதாகச் சத்தியமும் செய்துவிட்டாள். இனி எப்படிச் சொல்வது? அடுத்த பருவத்துக்குள் அவள் அம்மாவும் இறந்துபோனதால் காட்டிக்கொடுக்க ஆளில்லை. இதுவரை ஏழு ஊர்வலம். மனசாட்சி உறுத்தி பெனிக்னோவும் வெறுங்காலோடுதான் நடந்தான். நான் செருப்புப் போட்டுக்கொண்டேன்.

மூன்று வருடம் முன்பு யைசா என்ற பெண் வாளியோடு வந்தாள். பல்கலைக்கழகத்தில் மணற்புழு ஆராய்ச்சி. குட்டை மணலை அள்ளி, புழு மயங்க ஒரு உப்புக் கரைசல் ஊற்றி, பயறு களைவது போலக் களைந்து, மெல்லிய துணியில் வடிகட்டுவாள். எங்கள் கண்ணுக்கு அழுக்குத் தண்ணீர். “ஒரு பிடி மணல்ல முப்பது வகை இருக்கு, அம்மா. கண்ணில்லாதது, மீசை வச்சது, ரெண்டு மணலுக்கு நடுவுல பொறந்து அங்கயே சாகறது. ஒவ்வொரு தீவுக்கும் வேற வேற” என்பாள். ஞாயிறுதோறும் அவளுக்குச் சாப்பாடு பெனிக்னோ வீட்டில்தான். பிள்ளையில்லாத வீடு, பெனிக்னோவுக்கு அவள் மகள் மாதிரி.

போன ஞாயிறு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். உருளைக்கிழங்கைப் பரிமாறும்போதே யைசா சொன்னாள்: “ஃபுவர்த்தவெந்துராவுல மட்டும் இருக்கற புழு இந்தக் குட்டையில இருக்கு! நீந்தத் தெரியாதது. நீரோட்டத்துல லட்சக்கணக்கான வருஷம் ஒதுங்கி ஒதுங்கி வந்திருக்கு. வியாழக்கிழமை அஞ்சு பேராசிரியருங்க முன்னால இதைத்தான் சொல்லப் போறேன். பட்டமே இதுலதான்.”

ஒதிலியா சிலுவை போட்டுக்கொண்டாள். “மாதா மணலை மட்டும் அனுப்புவாளா? குடியிருக்கறவங்களையும் சேத்துத்தான் அனுப்பியிருக்கா.”

பெனிக்னோ என்னை வாசலுக்கு இழுத்துப் போனான். “சொன்னா இவ மாதா போயிடுவா. சொல்லலேன்னா அந்தப் பொண்ணு அஞ்சு பேர் முன்னால பொய் சொல்லும்டா.”

“வாயை மூடிட்டுச் சாப்பிடு. புழுதானே?” என்றேன்.

அவன் உள்ளே போய் நின்றபடியே சொன்னான். “யைசா, லட்சம் வருஷம் இல்லம்மா. ஒன்றரை நாள். நாந்தான் படகுல கொண்டாந்தேன்.” மூட்டை, தண்ணீர், எல்லாம் சொன்னான். என் பெயரையும் சொன்னான்.

யைசா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். “அறுபது பக்கம், ஐயா” என்றாள். பிறகு நோட்டை எடுத்து, எந்தக் கரை, எந்த மாதம் என்று கேட்டு எழுதிக்கொண்டாள்.

நாங்கள் ஒதிலியாவைப் பார்த்தோம். தட்டு பறக்கும் என்று நான் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டேன்.

“எத்தனை நடை?” என்றாள்.

“மூணு.”

“மண்வெட்டி யாரு குடுத்தா?”

“உங்கம்மா.”

“அம்மா என்ன கேட்டாங்க?”

பெனிக்னோ என்னைப் பார்த்தான். முதல்முறையாக எனக்கும் வெட்கமாக இருந்தது. நான்தான் சொன்னேன்: “‘ஒதிலியா வரலியா’ன்னு கேட்டாங்க. மூணு தடவையும்.”

ஒதிலியா தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

“அறுபது மூட்டைக்கு இடம் இருந்திருக்கு” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.