வெண்டைக்காய் முத்திரை

ஏழு வயதில் நான் விசா ஆபீசராக இருந்தேன். மேலப்பாளையத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், கால்வாய்க்கரையை ஒட்டி ஒரு காலிமனை கிடந்தது. அதுதான் விமான நிலையம். வேப்பமரத்தடியில் கவிழ்த்துப் போட்ட தக்காளிப் பெட்டி என் மேஜை. அதன்மேல் ஒரு சிரட்டையில் சொட்டு நீலம் நனைத்த துணி, பக்கத்தில் இரண்டு முத்திரைகள். முற்றிய வெண்டைக்காயைக் காம்புப் பக்கம் வெட்டி, நீலத்தில் தொட்டு அழுத்தினால் ஐந்து இதழ் வைத்த பூ விழும். பூ விழுந்தால் போகலாம். பல்லாரி வெங்காயத்தைப் பாதியாக அரிந்து குத்தினால் வட்டத்துக்குள் வட்டமாக விழும். அது விழுந்தவர்கள் பேசாமல் திரும்பிப் போய் வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும். அந்த வேலையை நான் எவ்வளவு ஆசையாகப் பார்த்தேன் என்று இப்போது சொன்னால் சிரிப்பார்கள். சாயங்காலம் பள்ளிவாசலில் ஓதப் போய் வந்ததும் பையை வீசிவிட்டு ஓடுவேன். நான் போகும் முன்பே வரிசை நிற்கும்.

விமான நிலையத்தைக் கட்டியவர் என் வாப்பா. அவருக்கு ரியாத்தில் ஏசி மெக்கானிக் வேலை. கல்யாணமான புதிதில் போனவர் மூன்று வருடம் கழித்துத்தான் முதல் லீவில் வந்தார். நான் பிறந்தபோது அவர் இல்லை. பிறந்த பிள்ளையின் காதில் முதன்முதலாகத் தொழுகை அழைப்பான பாங்கைச் சொல்ல வேண்டியது வாப்பாவின் உரிமை. என் காதில் அதைச் சொன்னது பெரியவாப்பா, அதாவது வாப்பாவின் அண்ணன். வாப்பாவை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு இரண்டரை வயது. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இந்த மாமா எப்பம்மா அவங்க வீட்டுக்குப் போவாங்க?" என்று உம்மாவிடம் கேட்டேனாம். எங்கள் வீட்டில் விருந்தாளி வந்தால் இலை போடுகிறார்களோ இல்லையோ, இந்தக் கதையைக் கட்டாயம் போடுவார்கள். வாப்பாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். கொஞ்சம் பிந்திச் சிரிப்பார்.

எனக்கு ஏழு வயதான அந்த வருடம் உம்மா நிறைமாதமாக இருந்தாள். பிள்ளை பிறக்கிற தேதியைக் கணக்குப் பண்ணித்தான் வாப்பா, போன லீவு முடிந்து ஒரு வருடம்கூட ஆகாத நிலையில், கெஞ்சிக் கூத்தாடி ஒன்றரை மாத லீவு வாங்கி வந்திருந்தார். வந்து பார்த்தால், டாக்டரம்மா படம் எடுத்துப் பார்த்துவிட்டு, முன்னால் சொன்ன தேதி தப்பு, இன்னும் மூன்று வாரம் தள்ளிப் போகும் என்று சொல்லிவிட்டாள். வாப்பா கம்பெனிக்குப் போன் போட்டார். மொட்டைமாடியில் நடந்துகொண்டே பாதி இந்தியிலும் பாதி அரபியிலும் பேசினார். இறங்கி வந்து உம்மாவிடம், "ஒரு நாளுகூடத் தர மாட்டேங்கான்" என்றார். மறுநாள் காலையில் அரிவாளை எடுத்துக்கொண்டு காலிமனைக்குப் போய் முள்ளை வெட்ட ஆரம்பித்தார்.

சுற்றுவட்டாரத்துச் சின்னப்பிள்ளைகள் எல்லாரும் கூடிவிட்டோம். இரண்டு வரிசை செங்கல் இருக்கை. உம்மாவின் பழைய துப்பட்டியைக் கிழித்து இடுப்பு வார். முன்னால் ஒரு மூங்கிலில் பனையோலைக் காற்றாடி. இறக்கைக்குத்தான் திண்டாட்டம். கடைசியில் வாப்பாவின் தங்கையான மாமி பீடி சுற்ற மடியில் வைத்துக்கொள்ளும் சுளகு என்ற முறத்தையும், பக்கத்து வீட்டிலிருந்து இன்னொரு சுளகையும் தூக்கி வந்து, ஒரு நீள மூங்கிலின் இரண்டு முனையிலும் கட்டினார் வாப்பா. "எங்க சொளவக் கொண்டாங்க! நாளைக்குக் கடையில பீடி எலை போடுறதுக்குள்ள ஆயிரம் பீடி சுத்தணும், வெளையாட்டா இருக்கா?" என்று மாமி வாசலில் நின்று கத்தினாள். "தங்கச்சி, உன் சொளவு இப்ப வானத்துல இருக்கு, எறங்குனதும் தாரேன்" என்றார் வாப்பா.

பாஸ்போர்ட் இல்லாமல் யாரும் ஏற முடியாது. பழைய நோட்டுகளின் நீல அட்டையை அளவாக வெட்டி, உள்ளே தாள் வைத்துத் தைத்து, ஆளுக்கு ஒன்று கொடுத்திருந்தார். அட்டையில் சிங்கம் வரைந்தார். அது பூனையாக வந்தது. மூன்று வயதுக்கு உட்பட்டவர்கள் பயணிகள் இல்லை, சாமான். அவர்களை அட்டைப்பெட்டிக்குள் உட்கார வைத்து, கயிறு கட்டி, பெயர் எழுதி, எடை போட வேண்டும். வாப்பா பெட்டியைத் தூக்கிப் பார்த்து முகத்தைச் சுளிப்பார். "முப்பது கிலோவுக்கு மேல போவுதே! மூக்குச்சளி மட்டும் அரைக்கிலோ இருக்கும். தொடச்சிட்டுக் கொண்டாங்க" என்பார். பெட்டிக்குள் இருப்பவன் விழுந்து விழுந்து சிரிப்பான்.

நான் கெடுபிடியான ஆபீசர். நகத்தில் அழுக்கு இருந்தால் பல்லாரி. ஓதுகிற பாடம் ஒப்பிக்காவிட்டால் பல்லாரி. அங்கே போய் என்ன வேலை செய்வாய் என்று கேட்டு, "சோப்பு வாங்கிட்டு வருவேன்" என்று சொன்ன பெரியவாப்பா மகனுக்கும் பல்லாரி. அவன்தான் விமானி. விமானி இல்லாமல் பிளேன் எப்படிப் போகும் என்று அவன் சண்டைக்கு வந்தான். அதற்காகச் சட்டத்தை மாற்ற முடியுமா?

வாப்பாவும் தினமும் வரிசையில் நிற்பார். அவருடைய முறை வந்ததும் கைலியை இறக்கிவிட்டுக்கொண்டு, தலையைக் குனிந்து, பூனை போட்ட பாஸ்போர்ட்டை நீட்டுவார்.

"எதுக்கு வெளிநாடு போறீங்க?"

"பீடித் தூள்ல தும்மல் வருது மேடம்."

பல்லாரி. மறுநாள், "மாமி சொளவக் கேட்டு அடிக்க வாராங்க மேடம்" என்பார். அதற்கும் பல்லாரி. அவருக்கு ஒருநாளும் நான் பூ போட்டதில்லை. நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுவார், என் காலைப் பிடிப்பார். பிள்ளைகள் எல்லாம் "பல்லாரி! பல்லாரி!" என்று கத்துவோம். கால்வாயில் குளிக்கிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். பெரியவாப்பா ஒருநாள் அந்தப் பக்கமாகப் போனவர் நின்று பார்த்துவிட்டு, "நாப்பது வயசாவப் போவுது, இவனுக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டு போனார்.

லீவு முடிந்துவிட்டது. இன்னும் இரண்டு நாளில் பயணம். எங்கள் பக்கம் வெளிநாடு போகிறவர்கள் சொந்தக்காரர் வீடு ஒவ்வொன்றுக்கும் போய்ப் பயணம் சொல்ல வேண்டும். ஒரு வீடு விட்டுப்போனாலும் பத்து வருடத்துக்குப் பேச்சு இருக்கும். வாப்பா எல்லா வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பொட்டலம் வந்து சேர்ந்தது. அங்கே இருக்கும் மகனுக்கு நார்த்தங்காய் ஊறுகாய், மருமகனுக்கு அல்வா, தம்பிக்குக் கருவாடு. வீடு முழுக்க அந்த வாடை. உம்மா ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பெட்டியில் அடுக்கினாள். நான் பார்க்கும்போது பேசாமல் அடுக்குவாள். பார்க்காதபோது மூக்கை உறிஞ்சுவாள்.

அன்று சாயங்காலம் ஆனி மாதக் காற்று என்றால் அப்படி ஒரு காற்று. குற்றாலத்தில் சாரல் விழுந்தால் எங்களுக்கு அந்தக் காற்று வந்துவிடும். இறக்கை இரண்டும் தட தடவென்று ஆடின. ஓலைக் காற்றாடி நிற்காமல் சுற்றியது. இன்றைக்குப் பிளேன் நிஜமாகவே கிளம்பிவிடும் என்று எங்களுக்கு ஒரே குஷி. டவுனுக்குப் போய் டிக்கெட் வேலையை முடித்துவிட்டு வந்த வாப்பா, சட்டையைக்கூட மாற்றாமல் நேரே வந்து வரிசையில் நின்றார்.

"எதுக்கு வெளிநாடு போறீங்க?"

நான் தும்மலை எதிர்பார்த்தேன். அவர், "போவாட்டி வேலை போயிருமாம் மேடம்" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

"எப்ப வருவீங்க?"

அவர் சட்டைப் பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினார். கையில் வாங்கியதுமே கனமாக இருந்தது. அட்டை வழுவழுவென்று இருந்தது. சிங்கம் சிங்கமாகவே இருந்தது, தங்க நிறத்தில். உள்ளே வாப்பாவின் போட்டோ, மீசை இல்லாமல்.

"இது நெசப் பாஸ்போர்ட்லா வாப்பா?" என்றேன் மெதுவாக.

"ஆபீசருக்குத் தெரியாததா?" என்றார் அவரும் மெதுவாக. "பாத்துக் குத்துங்கம்மா."

எனக்கு ஒரே பெருமை. நிஜப் பாஸ்போர்ட் என்னிடம் வந்திருக்கிறது! இத்தனை நாள் அவரை ஓட ஓட விரட்டியது பாவமாக இருந்தது. நல்ல மூப்பான வெண்டைக்காயாகப் பார்த்து எடுத்து, நீலத்தில் நன்றாகத் தோய்த்து, போட்டோ இருந்த பக்கத்திலேயே அழுத்தினேன். கொஞ்சம் வழிந்தது. அடுத்த பக்கத்திலும் ஒன்று போட்டேன். இரண்டு பூ! அதுவரை யாருக்கும் இரண்டு பூ கிடைத்ததில்லை. "போலாம்!" என்று கத்தினேன்.

பிள்ளைகள் போட்ட கூச்சல் கால்வாயின் அக்கரைக்குக் கேட்டிருக்கும். வாப்பா முதன்முறையாக எங்கள் விமானத்தில் ஏறினார். வாயாலேயே இஞ்சினை ஓட்டினார். சாமான்கள் பெட்டிக்குள்ளிருந்து எழுந்து நின்று ஆடின. அந்த நேரம் பார்த்து ஒரு பெருங்காற்று வந்து மாமியின் சுளகைப் பிய்த்துக்கொண்டு போனது. பறந்தது! உண்மையாகவே வேப்பமரத்துக்கு மேலே போய், ஒரு சுற்றுச் சுற்றி, கால்வாயில் விழுந்தது. வாப்பா சட்டையோடு குதித்தார். பெரியவாப்பா மகனும் குதித்தான். சுளகைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வாப்பா கரையேறி வந்தபோது நாங்கள் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டோம். பாஸ்போர்ட் நனையவில்லை, என் மேஜைமேல் பத்திரமாகக் காய்ந்துகொண்டிருந்தது.

விளக்கு வைத்த நேரத்தில் வீட்டில் இடி விழுந்தது. கைப்பையில் வைக்கலாம் என்று உம்மா பாஸ்போர்ட்டைத் திறந்தாள். வாப்பாவின் முகத்தில் பாதி நீலமாக இருந்தது.

"ஏளா, என்ன காரியம் பண்ணி வச்சிருக்க!" என்று மாமி என் காதைப் பிடித்துத் திருகினாள். பெரியவாப்பா தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஊரெல்லாம் பயணம் சொல்லியாயிற்று, பொட்டலம் எல்லாம் வாங்கியாயிற்று, இனி எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு தெருவில் நடப்பது என்று கேட்டார். வேலை என்ன ஆகும் என்றும் கேட்டார்.

வாப்பா என்னை மாமியிடமிருந்து பிடுங்கித் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "புள்ளைய ஒண்ணும் சொல்லாதீங்க. நாந்தான் மாத்தி எடுத்துக் குடுத்துட்டேன். ரெண்டும் ஒரே நீலம்லா" என்றார். உம்மா அவரையே பார்த்தாள். பிறகு துப்பட்டியால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்றுதான் நான் நினைத்தேன்.

மறுநாள் கம்பெனிக்குப் போன் போட்டார். அப்படி ஒரு சோகமான குரலை நான் கேட்டதே இல்லை. புதுப் பாஸ்போர்ட் கையில் வராமல் எப்படிக் கிளம்புவது என்று நெடுநேரம் மன்றாடினார். அந்தப் பக்கம் திட்டுவது எனக்கே கேட்டது. போனை வைத்துவிட்டு என்னைத் தூக்கி மூன்று சுற்றுச் சுற்றினார். பொட்டலங்களைத் திருப்பிக் கொடுக்க வீடு வீடாகப் போனார். ஒவ்வொரு வீட்டிலும் சிரிப்பாய்ச் சிரித்தார்கள். அல்வா மட்டும் திரும்பிப் போகவில்லை, எங்கள் விமானத்தில் பயணிகளுக்குக் கொடுத்துவிட்டோம்.

புதுப் பாஸ்போர்ட் வர இருபத்தாறு நாள் ஆயிற்று. அதில் பதினாறாவது நாள் காலையில் என் தம்பி பிறந்தான். ஆஸ்பத்திரியில் பெரியவாப்பா பழக்க தோஷத்தில் கையை நீட்டியபோது, வாப்பா பிள்ளையைக் கொடுக்கவே இல்லை. தானே நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, குனிந்து, அந்தச் சின்னக் காதில் பாங்கு சொன்னார். பாதியில் குரல் உடைந்தது. மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். நான் அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்து, தம்பிக்குப் பாஸ்போர்ட் தைக்க வேண்டும், அவன் சாமானா பயணியா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அது அவசரம்.

வேலை போகவில்லை. ஒரு மாதச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். விசா பழைய பாஸ்போர்ட்டில் இருந்ததால், இரண்டையும் சேர்த்துப் பின் அடித்து எடுத்துக்கொண்டு போனார் வாப்பா. வாப்பா மாற்றி எடுத்துவிட்டார் என்றுதான் எங்கள் வீட்டில் இன்றுவரை பேச்சு. விருந்தாளிகளுக்கு இப்போது இரண்டு கதைகள். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

இப்போது அவர் ஊரோடு வந்துவிட்டார். போன வாரம் என் நாலு வயது மகள் அடுப்படிக்கு ஓடி வந்து, மாடியில் தாத்தா பிளேன் கட்டியிருக்கிறார், ஆபீசருக்கு வெண்டைக்காய் வேண்டுமாம் என்றாள். காம்புப் பக்கம் வெட்டினேன். வெட்டுகிற நேரத்தில்தான், இத்தனை வருடம் கழித்து, அன்று நான் 'இது நெசப் பாஸ்போர்ட்லா வாப்பா?' என்று கேட்டதும், அவர் 'பாத்துக் குத்துங்கம்மா' என்று சொன்னதும் என் காதில் விழுந்தன. கத்தியைக் கீழே வைத்தேன்.

அன்றைக்கு எனக்கு அது ஒன்றும் தோன்றவில்லை. முதலில் குறித்திருந்த பயண நாள் வந்து, வாப்பா கைலியோடு முற்றத்தில் உட்கார்ந்து பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது, எனக்கு வந்தது கோபம்தான். நேரே போய் முன்னால் நின்று கேட்டேன்.

"பூவுதான வாப்பா போட்டேன், ரெண்டு பூ. பொறவு ஏன் நீங்க போவல?"