அவர் கண்ணில் படுகிற கடை

என் வீட்டுக்காரருக்கு ஒரு மல்லாட்டை மண்டியில் கடலை மூட்டை வண்டி ஓட்டும் வேலை கிடைத்ததால்தான் நாங்கள் திண்டிவனத்துக்குக் குடிவந்தோம். அதற்கு முன் விழுப்புரத்தில் ஒரு மாவுக்கடையில் கூலிக்கு மாவாட்டிக்கொண்டிருந்தேன். இட்லிமாவுப் பதம் கைக்குப் படிந்திருந்தது. புது ஊரில் சொந்தமாகக் கடை போடுவது என்று முடிவு செய்து இடம் தேட ஆரம்பித்தேன்.

மாவுக்கடைக்குக் கூட்டம் இருந்தால் மட்டும் போதாது. அது வீட்டுக்குத் திரும்புகிற கூட்டமாக இருக்கவேண்டும். வேலைக்குப் போகும்போது யாரும் மாவு வாங்கமாட்டார்கள். சாயங்கால ரயிலில் சென்னையிலிருந்து வந்து இறங்கும் பெண்கள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேகவேகமாக நடக்கும் தெரு ஒன்றைக் கண்டுபிடித்தேன். அந்தத் தெருவில் ஒரு மாடி வீடு. கீழே கடை காலி. டைல்ஸ் தரை, நல்ல தண்ணீர், கழுவிவிட்டால் சாக்கடைக்குப் போகிற வழி, மூணு பேஸ் கரண்ட். மாவுக்கடைக்கென்றே கட்டியது போல இருந்தது.

அந்த மாடி வீட்டின் சொந்தக்காரர் அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வாங்க, உட்காருங்க என்று மரியாதையாகத்தான் பேசினார். டோக்கன் அட்வான்ஸை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, காபி வரும் நேரத்தில் சாவகாசமாகக் கேட்டார்.

"எந்த ஊரு நீங்க?"

"விழுப்புரம் பக்கம், கெடாருங்க."

"கெடார்ல ஊருக்குள்ளயா, அந்தாண்டயா?"

எனக்குப் புரிந்தது. பொய் சொல்லியிருக்கலாம். "காலனிங்க" என்றேன்.

காபி வரவில்லை. மறுநாள், இடத்தைப் பேசிவிட்ட புரோக்கர் வந்து டோக்கன் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். சொந்தக்காரப் பையன் யாரோ கடை வைக்கப்போகிறானாம். நான் நேராக அந்த வீட்டுக்குப் போனேன். வாடகைக்கு விடப்படும் என்ற அட்டை ஷட்டரில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. அவர் மாடிப்படியில் நின்றபடி பேசினார். முந்தின நாள் 'நீங்க' என்றவர் இன்று 'நீ' என்றார்.

"தப்பா நெனைக்காதம்மா. வேற எதுனா யாவாரம்னா குடுத்துடுவேன். இது துன்ற பொருளு. இந்தத் தெருவுல எவன் வாங்குவான்? உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

இடம் இல்லை என்று சொன்னதைக்கூட மறந்திருப்பேன். உன் நல்லதுக்கு என்ற சொல் மட்டும் முள்ளாக உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. இதை எழுதும்போதும் அது அங்கேதான் இருக்கிறது. எடுத்துப் போடவேண்டும் என்று எனக்கு ஆசையும் இல்லை.

அதன்பிறகு புரோக்கர் நல்ல இடங்களாகத்தான் காட்டினார். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒன்று, ஆஸ்பத்திரி பக்கம் ஒன்று. எல்லாவற்றையும் வேண்டாம் என்றேன். அந்தத் தெருவில்தான் வேண்டும், அதுவும் அந்த மாடி பால்கனியிலிருந்து பார்த்தால் தெரியவேண்டும் என்றேன்.

என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "நீ யாவாரம் பண்ணப் போறியா, சண்ட போடப் போறியா?"

"ரெண்டுந்தான்."

கிடைத்தது எதிர்வரிசையில் ஒரு பழைய சைக்கிள் கடை. சிமெண்டு ஷீட் கூரை, எண்ணெய் ஊறிக் கறுத்த தரை. மூணு பேஸ் கிடையாது. தண்ணீரைப் பின்சந்திலிருந்து குடத்தில் தூக்கவேண்டும். இடத்துக்குச் சொந்தக்காரரான பாய் பக்கத்திலேயே தையல்கடை வைத்திருந்தார். என் ஊரையும் கேட்கவில்லை, தெருவையும் கேட்கவில்லை.

"கழுவுற தண்ணி ரோட்டுல ஓடுச்சின்னா பேஜாரும்மா. அத மட்டும் பாத்துக்க" என்றார்.

போர்டு எழுதுகிறவர் வந்தபோது, கடைப் பெயரைக் 'கெடார் மாவுக்கடை' என்று எழுதச் சொன்னேன். எழுத்து எவ்வளவு பெரிதாக வருமோ அவ்வளவு பெரிதாக. காலையில் பேப்பர் படிக்கப் பால்கனிக்கு வருகிறவர் முதலில் அதைப் படிக்கட்டும் என்று.

முதல் கோடை என்னைக் கொன்றுவிட்டது. ஷீட் கூரைச் சூட்டில் மாவு மத்தியானத்துக்குள் புளித்துப் பொங்கி வழிந்தது. எவ்வளவோ மாவைக் கொட்டினேன். ஐஸ் கட்டி போட்டு ஆட்டினேன், கூரைமேல் தென்னங்கீற்று பரப்பினேன். எதிரே அந்த டைல்ஸ் கடை ஷட்டர் போட்டபடி குளுகுளுவென்று கிடந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் கூடுதலாக ஒரு குடம் தண்ணீர் தூக்கத் தெம்பு வரும்.

மழைக்காலம் வந்தபோது கடை பிடித்துக்கொண்டது. எவன் வாங்குவான் என்றாரே, ரயில் வந்த அரைமணி நேரத்துக்கு எனக்கு நிமிரக்கூட நேரமில்லை.

வாங்க வருகிறவர்களில் ஒரு பெண் மட்டும் தெருப்பக்கம் வரமாட்டாள். பின்சந்து வழியாக வந்து, "அக்கா, ஒரு பாக்கெட்டு ஜல்தியா குடுங்க" என்று வாங்கி, துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு போவாள். விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். கையில் மாவுப்பை பிடிக்கக் கூச்சப்படுகிறாள் என்று நினைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை எதிர்மாடியில் அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். அந்த மனிதரின் மருமகள்!

அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? காலையில் அவர் பால்கனியில் உட்கார்ந்து ஏப்பம் விட்டால் எனக்கு வயிறு நிறைந்தது. அவளுக்கு மட்டும் ஒரு கரண்டி அதிகம் ஊற்றினேன். நல்ல உளுந்தாகப் பார்த்துப் போட்டேன். இன்னும் துன்னட்டும், இன்னும் துன்னட்டும் என்று ஆட்டினேன்.

ஆனால் நாளாக நாளாக அது போதவில்லை. அவருக்குத் தெரியாமல் அவரைப் பழிவாங்கி என்ன பயன் என்று தோன்ற ஆரம்பித்தது.

அவராகவே வழி செய்து கொடுத்தார். ஒருநாள் சாயங்காலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராகக் கடைமுன் வந்து நின்றார். கூட்டமான நேரம்.

"கிரைண்டர் சத்தத்துல ஊட்ல இருக்க முடில. முனிசிபாலிட்டில எழுதிக் குடுத்துடுவேன். இந்த மாவ எவன்தான் வாங்கித் துன்றானோ!"

நான் கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னேன். "நீங்கதான் சார் துன்றீங்க. போன ஐப்பசிலேர்ந்து உங்க ஊட்டு இட்லி என் மாவுதான். நல்லாருக்குதுங்களா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் கை தானாக வயிற்றுக்குப் போனது. திரும்பி ரோட்டைக் கடந்து போனார். செருப்பு ஒன்று கழன்றதுகூட அவருக்குத் தெரியவில்லை.

இரண்டு நாள் நான் தரையில் நடக்கவில்லை. மூன்றாம் நாள் அவள் வந்தாள். சந்து வழியாக இல்லை, முன்பக்கமாகவே வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"ஏங்க்கா சொன்னீங்க? மாமா உங்களுக்கு ஏன் கட குடுக்கலன்னு எனக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சிதான் வாங்கிக்கினு இருந்தேன். இப்ப ஊட்ல புதுசா கிரைண்டர் வந்திருக்குது. வேலைக்கிப் போய்ட்டு வந்து நான்தான் ஆட்டணும், நான்தான் கழுவணும். ஜெயிச்சது நீங்க, மாவாட்டறது நானு!"

அவருக்காக நான் ஒரு நிமிஷமும் வருந்தவில்லை. அவளுக்காக வருந்தினேன். நான் ஓங்கிய அடி அவரைத் தொட்டுவிட்டு அவள் முதுகில் போய் விழுந்திருந்தது.

கொஞ்ச நாள் அவளைக் காணவில்லை. பிறகு ஒருநாள் பழையபடி பின்சந்தில் நின்றாள். கையில் மூடிபோட்ட எவர்சில்வர் தூக்கு.

"இதுல ஊத்துங்கக்கா."

"ஊட்ல கிரைண்டர்?"

"அது பாட்டுக்கு ஓடும். ஒரு பிடி அரிசி போட்டுத் தண்ணி ஊத்தினா போதும், சத்தம் வந்துகினே இருக்கும். நான் அந்த நேரத்துல பேப்பர் திருத்துவேன்."

இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். பக்கத்துக் கடையில் பாய் மிஷினை நிறுத்திவிட்டு என்னவென்று எட்டிப் பார்த்தார்.

சில வாரங்கள் கழித்து அவள் தூக்கை நீட்டும்போது சொன்னாள். "நேத்து மாமா இன்னா சொன்னாரு தெரியுமா? கடமாவு கடமாவுதான், ஊட்ல ஆட்டுனா அந்த ருசியே தனின்னாரு. ரெண்டு இட்லி சேத்துத் துன்னாரு."

அதைக் கேட்டபோது முன்பு அவர் முகத்தைப் பார்த்து அடைந்த சந்தோஷத்தைவிட அதிகமாக மனம் குளிர்ந்துபோனேன். யாரிடமும் சொல்லக்கூடாது என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினாள். சொல்லவில்லை. தெருவில் அவர் என்னைக் கடந்து போகும்போது நாக்கைக் கடித்துக்கொண்டு நிற்பது பெரும்பாடு.

போன மாதம் புரோக்கர் வந்தார். மயிலம் ரோட்டில் புதுக் கட்டடமாம், எல்லா வசதியும் இருக்கிறதாம். "இந்த ஷீட்டு வெக்கையில எத்தினி நாளு வெந்துகினு இருப்ப?" என்றார். எதிர்மாடியில் அப்போதுதான் கிரைண்டர் ஓட ஆரம்பித்திருந்தது. இந்த இடம் எனக்கு ராசியாக இருக்கிறது என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டேன்.