வில்ஹோ குவித்த பனிமேடு

எங்கள் குடாவின் எதிர்க்கரையில் வில்ஹோ பார்த்தனேன் இருக்கிறார். வேலை பார்த்த காலமெல்லாம் மரலாரி ஓட்டியவர். நல்லவர் என்று சொல்ல யோசிப்பேன். பிடிவாதக்காரர் என்று யோசிக்காமல் சொல்வேன்.

எங்கள் சைமா ஏரியில் வாழும் சீல் என்ற கடல்நாய் இனம் வேறெங்கும் கிடையாது. மிஞ்சியிருப்பவை சில நூறு. வசந்தத்தில் குட்டிகள் மீன்வலையில் சிக்கி மூச்சுமுட்டிச் சாகின்றன. குளிர்காலத்தில் இப்போதெல்லாம் பனி போதவில்லை. கரையோரப் பனிமேட்டைக் குடைந்துதான் தாய் குட்டி போடும். மேடு இல்லாவிட்டால் குட்டி உறைந்த ஏரியின்மேல் நரியின் கண்ணில் படக் கிடக்கும். அதனால் ஜனவரியில் நாங்களே பனியைத் தள்ளி மேடு குவிக்கிறோம். வில்ஹோ தன் வீட்டுக்கு நேரெதிரே இருந்த பாறைத்தீவின் ஓரத்தில் ஒன்று குவித்தார்.

அதற்குள் சீல் குடிவந்ததை முதலில் கண்டுபிடித்தது அவருடைய வேட்டைநாய் யெக்கு. மார்ச்சில் ஒருநாள் வில்ஹோ தீவை நோக்கிப் பார்த்தபோது, மேட்டிலிருந்து நாயின் வால் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. ஓடிப்போய்க் கழுத்துப்பட்டியைப் பிடித்து இழுத்தார். உள்ளே மெல்லிய அழுகுரல் கேட்டது. துளையைப் பனியால் அடைத்துவிட்டு நாயை இழுத்து வந்தார்.

கயிற்றில் கட்டினார், கடித்து அறுத்தது. சங்கிலியில் கட்டினார், குடா முழுக்கக் கேட்கும்படி ஊளையிட்டது. பிறகு பட்டியிலிருந்து தலையை உருவிக்கொண்டு ஓடியதைப் பாதி வழியில் மறித்துப் பிடித்தார்.

"ரைமோகிட்ட கொண்டுபோய் விடு. அவ்வளவு தூரத்துலேருந்து ஓடிவர முடியாது" என்றாள் மனைவி ஹில்க்கா. ரைமோ அவளுடைய தம்பி, வலைபோட்டுப் பிழைப்பவன்.

"உன் தம்பி வாசல்ல நான் போய் நிக்கணுமா? செத்தாலும் மாட்டேன்."

"நீ ஏன் சாகணும்? அந்தக் குட்டிதான் சாகும்."

வசந்தத்தில் வலை போடக்கூடாது என்று ஏரியில் மீன்பிடி உரிமை உள்ளவர்களின் கூட்டத்தில் வில்ஹோ கை தூக்கியிருந்தார். தீர்மானம் ஒரே ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறியது. அன்றிலிருந்து அவரும் ரைமோவும் சேர்ந்து காபி குடித்ததில்லை.

மறுநாள் நாயுடன் போனார். ரைமோ சமையலறையில் வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான்.

"வாங்க மந்திரி! சீலெல்லாம் சௌக்கியமா?"

"நாயை வச்சுக்கணும். ஏரி உருகுற வரைக்கும்."

"ஏன், கடிச்சிடுச்சா?"

"என் தீவுல குட்டி போட்டிருக்கு. இவன் போய்த் தோண்டுறான்."

ரைமோ சிரித்தான். "நாயாவது என் கட்சியில இருக்கே! கை தூக்கினது தப்புன்னு சொல்லு, வச்சுக்கிறேன்."

"தப்பில்ல."

"இப்படிக் கேட்டா எவன்யா உதவி பண்ணுவான்?"

"நீ பண்ணுவே. உனக்கு நாய்னா உயிரு."

ரைமோ கொஞ்சநேரம் நாயைப் பார்த்தான். பிறகு எழுந்துபோய் இரண்டு கோப்பைகளை எடுத்தான்.

மே மாதம் ஏரி உருகியதும் படகில் நாயைக் கொண்டுவந்தான். நானும் அப்போது வில்ஹோவின் படகுத்துறையில்தான் இருந்தேன். தீவுப் பாறையில் குட்டி வயிற்றைக் காட்டி வெயில் காய்ந்துகொண்டிருந்தது. வில்ஹோ தொலைநோக்கியை நீட்டினார். ரைமோ வெகுநேரம் பார்த்தான்.

"இவ்வளவுதானா? உருளைக்கிழங்கு மூட்டை மாதிரி கிடக்கு."

"மூட்டையேதான்."

"என் வலையில மாட்டுமா?"

"மாட்டும்."

அன்று அவன் படகில் வலை இல்லை. தடைக்காலம் என்பதால் அதைவைத்து எதையும் முடிவுகட்ட நான் தயாரில்லை.

அவன் கிளம்பும்போது யெக்கு துள்ளி மறுபடியும் படகில் ஏறிக்கொண்டது. வில்ஹோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அது வாலை ஆட்டியது, இறங்கவில்லை.

"நான் ஒண்ணும் சொல்லிக்கொடுக்கல மச்சான்."

"சாஸேஜ் போட்டியா?"

"தினமும்."

வில்ஹோ ஒருமுறை நாயின் காதைத் தடவினார். பிறகு படகைத் தானே தள்ளிவிட்டார். "ஞாயித்துக்கிழமை வரேன்."

"யாரைப் பாக்க?"

"நாயை."

எஞ்சின் சத்தம் கேட்டதும் குட்டி பாறையிலிருந்து வழுக்கித் தண்ணீருக்குள் போய்விட்டது. வில்ஹோ முற்றத்தில் கிடந்த சங்கிலியைச் சுருட்டி எடுத்துக் கொட்டகையில் மாட்டினார்.