பொம்மை வைத்த இணையதளம்

ரோட்டோர வேலியில் பழைய சேலைகளை வரிசையாகக் கட்டி, பழுத்துவரும் திராட்சையைப் போகிறவர் வருகிறவர் கண்ணிலிருந்து அம்மா மறைத்துக்கொண்டிருந்த அதே வாரத்தில்தான், அந்தத் தோட்டத்தை உலகத்துக்கே காட்டிவிடுவது என்று நான் முடிவு செய்தேன். ஒன்பதாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறை அது. சின்னமனூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் இணையதளம் செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். அப்பா சேர்த்துவிட்டிருந்தார். வகுப்பு முடியும்போது ஆளுக்கொரு தளத்தைச் சொந்தமாகச் செய்து இணையத்தில் ஏற்ற வேண்டும். மற்றவர்கள் சினிமாவையும் கிரிக்கெட்டையும் எடுத்துக்கொண்டார்கள். நான் எங்கள் பன்னீர் திராட்சையை எடுத்துக்கொண்டேன்.

அதற்குக் காரணம் இருந்தது. ஒவ்வொரு திராட்சை வெட்டுக்கும் தரகர் வருவார். பந்தலுக்கடியில் நின்று ஒரு பழத்தை வாயில் போட்டு, முகத்தைச் சுளித்து, ஒரு விலை சொல்வார். அப்பா தலையாட்டுவார். எங்களை வேறு யாருக்கும் தெரியாது என்பதால்தான் இப்படி என்று நான் கண்டுபிடித்திருந்தேன். கேரளத்து வியாபாரிகள் தளத்தைப் பார்த்து நேராக அப்பாவுக்கே போன் செய்துவிட்டால் தரகர் யாரிடம் முகம் சுளிப்பார்? வெட்டுக்கு முன்னால் தளம் ஏறியாக வேண்டும். அந்த ஒரே நினைப்பாக இருந்தேன்.

தளம் சுலபமாக வரவில்லை. எழுத்தைத் தடிமனாக்கும் குறியை ஓரிடத்தில் மூட மறந்துவிட, பக்கம் முழுக்கத் தடித்துப்போய்க் கத்தியது. படம் வர வேண்டிய இடத்தில் சிவப்புப் பெருக்கல் குறி வந்தது. அழித்து அழித்து எழுதினேன். இன்று பிறருக்குத் தளம் செய்துகொடுப்பதுதான் என் வேலை. மகள் மத்தியானம் தூங்கும்போது உட்காருகிறேன். பாதியில் எழுந்துபோய் மூச்சு சீராக வருகிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன். அனுப்பிய வேலையையும் திறந்து திறந்து பார்க்கிறேன். அன்றைக்கு நானாக இருந்த பெண்ணுக்கு இந்தச் சந்தேகமெல்லாம் கிடையாது.

அம்மாவின் தம்பி, என் மாமா, எங்கிருந்தோ ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கிவந்து படம் பிடித்துக்கொடுத்தார். அந்தப் படத்தில், திருவிழாவுக்கு எடுத்த சுடிதாரில், பந்தலுக்கடியில், நீளமான குலை ஒன்றை உள்ளங்கையில் ஏந்தி நான் சிரிப்பேன். முதல் பக்கத்தில் அதைப் பெரிதாக வைத்தேன்.

ஏற்றுவதற்கு முந்தின நாள் அம்மா காதுக்கு விஷயம் எட்டிவிட்டது.

"ஏத்தா, ரோட்டுல போறவன் பாத்தாலே காய் வெம்பிப் போகுது. ஊரு ஒலகமெல்லாம் பாத்தா என்னத்துக்கு ஆகும்?"

"அக்கா, அந்தக் கம்ப்யூட்டரச் சுத்தியும் ஒரு சேலையக் கட்டி விட்டுரு" என்றார் மாமா.

"நீ சும்மா கெடலே. படம் பிடிச்சுக் குடுத்ததே நீதான?"

அப்பாவைப் பார்த்தேன். "ஒங்கம்மா சரின்னா எனக்கும் சரி" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் பாய்ச்சப் போய்விட்டார்.

அழுது பார்த்தேன், சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். அம்மா இறங்கவில்லை. வெட்டு நெருங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு வழி தோன்றியது. புது வீட்டு வாசலில் தொங்கவிடும் திருஷ்டிப் பொம்மையைக் கம்ப்யூட்டரில் வரைந்தேன். உருட்டு விழி, முறுக்கு மீசை, தொங்கும் நாக்கு. "தளத்துலயே பொம்மை வச்சுட்டேன், இனி எவன் கண்ணும் படாது, வந்து பாரும்மா" என்று விடாமல் நச்சரித்து அம்மாவைச் சென்டருக்கே கூட்டிப்போனேன்.

அம்மா செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்து வெகுநேரம் திரையையே பார்த்தாள்.

"இத யாரு யாரு பாப்பாக?"

"யாரு வேணாலும் பாக்கலாம்மா."

"பாக்குறவுகள நாம பாக்க முடியுமா?"

"அதெப்படி முடியும்?"

பொம்மையை நான் திராட்சைக் குலைகளின் மேல் வைத்திருந்தேன். அம்மா விரலை நீட்டித் திரையைத் தொட்டாள்.

"அங்கன வேணாம். இங்கன வையி."

விரல் என் முகத்தின் மேல் இருந்தது.

"அங்க நான்ல நிக்கிறேன்? காய் இந்தப் பக்கம் இருக்கும்மா."

"காய் கெடக்கட்டும். இங்கன வச்சா ஏத்து. இல்லன்னா வேணாம்."

கம்ப்யூட்டர் தெரியாதவள், இடம் மாற்றிக் காட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். எப்படியோ சரி என்றாளே! பொம்மையை இழுத்துப் பெரிதாக்கி என்மேல் வைத்தேன். குலையை ஏந்தும் கை மட்டும் மீசைக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. தளம் ஏறியது.

வெட்டுக்கு முன்பே குமுளிப் பக்கமிருந்து ஒரு வியாபாரி போன் செய்தார். "பொம்மை நிக்குற தோட்டந்தானே?" என்று பாதித் தமிழில் அவர் கேட்க, அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். தரகரிடம் அந்தத் தடவைதான் முதன்முறையாக "பாப்போம்" என்று சொன்னார்.

அது பின்னால் நடந்தது. தளம் ஏறிய அன்று சாயங்காலம் சென்டரிலிருந்து வந்ததும், அம்மா என்னைக் கிழக்கே பார்த்து உட்காரவைத்தாள். உப்பையும் மிளகாய் வற்றலையும் கைக்குள் மூடிக்கொண்டு என்னைச் சுற்ற ஆரம்பித்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் எரிச்சலும் வந்தது.

"காயெல்லாம் தோட்டத்துல தொங்குது. என்னைய எதுக்கும்மா சுத்துற?"

"பேசாமத் துப்பு" என்று கையை என் வாயருகே நீட்டினாள்.

திராட்சைக்குச் சுற்ற வேண்டியதை, அவ்வளவு தூரம் நடக்கச் சோம்பல்பட்டு எனக்குச் சுற்றுகிறாள் என்று நினைத்துக்கொண்டு துப்பினேன்.