மாமாவின் சொந்த டேப்பு

எங்கள் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, தையல்காரர். வீட்டு முன்னறைதான் கடை. ஊரார் இடுப்பை நாள் முழுக்க அளக்கிறவர் தன் இடுப்பை மாதத்துக்கு ஒரே தடவைதான் அளப்பார், ஒன்றாம் தேதி காலையில். அதற்கென்று தனி டேப்பு. கடை டேப்பால் தன்னை அளந்தால் தன் அளவு வாடிக்கையாளர் பேன்ட்டுக்குப் போய்விடும் என்று ஒரு பயம். பழைய டேப்பு, முதல் ஐந்தாறு எண்கள் தேய்ந்தே போயிருந்தன. அளந்ததைப் பீரோக் கதவின் உள்பக்கம் சாக்குக்கட்டியால் எழுதி வைப்பார்.

கதவின் உச்சியில் முப்பது என்று இருக்கும். அது அவருடைய இருபத்தாறாம் வயது. அப்போது தையல் மிஷின் அவரைப் பற்றிக் கேவலமாகப் பேசிக்கொண்டிருந்தது. ஓட்டினால் ஒரு ஏச்சு, நிறுத்தினால் ஒரு ஏச்சு. ஒருநாள் அதைத் தூக்கித் தெருவில் போட்டார். பிறகு மனநல டாக்டர், தினம் இரவு ஒரு மாத்திரை. மிஷின் வாயை மூடியது, மாமாவுக்கு வாய் திறந்துகொண்டது. சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் மறுபடி பசிக்கும். ஏழு வருடத்தில் கதவில் நாற்பத்துநாலு ஏறிவிட்டது. நான் அவரைப் பீப்பாய் என்பேன். அவர் என்னைக் கொசு என்பார்.

அப்புறம் கால் எலும்பெல்லாம் வலி. நாலு படி ஏறினால் உட்கார இடம் தேடுவார். சோம்பேறித்தனம் என்று அம்மா தீர்ப்பு எழுதிவிட்டாள். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தால் வைட்டமின் டி தரையில் கிடந்தது. இந்த மாத்திரை சாப்பிடுகிற பலருக்கு எடையும் ஏறும், இந்தச் சத்தும் குறைந்திருக்கும் என்றாராம். நாள் பூராவும் கடைக்குள் இருந்தால் வெயில் உங்களை எங்கே தேடும் என்றும் கேட்டாராம். வாரம் ஒரு சத்து மாத்திரை, தினம் வெயிலில் நடை. எடை இறங்காவிட்டால் வேறு மருந்து யோசிக்கலாம், நீங்களாக மட்டும் எதையும் நிறுத்தாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்.

மாமா மூன்று மாதம் நடந்தார். அளக்கவே இல்லை. வரும் ஒன்றாம் தேதி ஒரு இஞ்சாவது குறையாவிட்டால் மாத்திரைக்குப் பெரிய கும்பிடு என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என் காதுக்கு வரவே இல்லை.

அந்த ஒன்றாம் தேதிக்கு முந்தின சாயங்காலம்தான் நான் அந்த டேப்பின் முனையில் இரண்டு இஞ்சு வெட்டி, பித்தளைத் தகட்டைப் பழையபடி மாட்டி வைத்தேன். சும்மாதான். அவர் அலறுவார், சிரிப்போம், உண்மையைச் சொல்லிவிடலாம் என்று.

அவர் அலறவில்லை. நாற்பத்தைந்து என்று எழுதினார். கதவைச் சாத்தினார். அன்றைக்கு நடக்கப் போகவில்லை. சிரிக்கிற இடமே வராததால் சொல்கிற இடத்தையும் நான் தவறவிட்டேன்.

ஐந்தாம் நாள் பாதித் தையலில் மிஷினை நிறுத்தினார்.

"கொசு, ஏதாவது சொன்னியா?"

"இல்லையே மாமா."

"அப்ப இதுதான்."

எழுந்து போய்ப் போர்வையை எடுத்து வந்து மிஷினை இறுகச் சுற்றினார். நான் உள்ளே ஓடி மாத்திரை அட்டையைப் பார்த்தேன். நாலு இரவு மாத்திரை அப்படியே இருந்தது. வெட்டிய துண்டை எடுத்து வந்து அவர் கையில் வைத்தேன்.

"நீங்க குண்டாகல மாமா. நான்தான் டேப்ப வெட்டினேன்."

அவர் துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முதல் தடவையாகக் கடை டேப்பை எடுத்து இடுப்பில் சுற்றினார். நாற்பத்துமூன்று.

"ஒரு இஞ்சு குறைஞ்சிருக்கா?" என்று என்னையே கேட்டார். அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். விழுந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அன்றைக்கே டாக்டரிடம் போனோம். ஏன் நிறுத்தினீர்கள் என்று அவர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமா என் காலை மிதித்தார்.

"அளவு தப்பா எடுத்துட்டேன் டாக்டர்."

தான் தைத்த சட்டைக் கை முழங்காலைத் தொட்டாலும், உங்கள் கைதான் குட்டை என்று சாதிக்கிற மனிதர் அவர். டாக்டர் கடிந்துகொண்டார். அன்று இரவே மறுபடி தொடங்கச் சொன்னார், ஒரு வாரத்தில் வந்து காட்டச் சொன்னார்.

திரும்பும்போது மாமா வெயில் பக்கமாகவே நடந்தார். நான் நிழலுக்கு ஒதுங்கினேன். சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து, நாளையிலிருந்து தினமும் நீயும் வருகிறாய் என்றார்.

தண்டனை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். இருக்கட்டும்.